பாலிமர் மின்பகுளி தயாரிக்க எடைக் கணக்கு போடுவது எப்படி?

ஒரு கிராம் பாலிவினைல் ஆல்கஹால், அதோடு 20 சதவீதம் அம்மோனியம் தயோசயனேட். ஓர் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பை எவ்வளவு நிறுத்துப் போடுவீர்கள்? 0.200 கிராம் என்பார் ஒருவர். 0.250 என்பார் இன்னொருவர். 0.432 என்பார் மூன்றாமவர். மூன்று பேர் கணக்கிலும் பிழை இல்லை. முதலாமவர் பாலிமரின் எடையில் 20 சதவீதம் எடுத்தார். இரண்டாமவர் மொத்தக் கலவையில் 20 சதவீதம் வரும்படி எடுத்தார். மூன்றாமவர் அதை மோல் சதவீதம் என்று புரிந்துகொண்டார். உப்பு கரைந்த பாலிமர் படலம்தான் இங்கே மின்பகுளி. மூன்று படலமும் மூன்று விதமாக அயனியைக் கடத்தும். ஆனால் மூன்றின் மேலும் '20 சதவீதம்' என்றே லேபிள் ஒட்டியிருக்கும்.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகவோ பிஎச்.டி.யின் முதல் வருடத்திலோ இந்தத் துறைக்குள் வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். கணக்கு கடினமானது இல்லை, பிளஸ் டூ வேதியியலில் படித்த மோல் கணக்கே போதும். எதை நூறு என்று வைத்துக்கொள்கிறோம், எதை எண்ணுகிறோம் என்ற இரண்டையும் தராசைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கீழே உள்ள உதாரணங்களைப் பக்கத்தில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏன் எண்ணிக்கையில் யோசிக்க வேண்டும்

பாலிஎத்திலீன் ஆக்சைடு (பிஇஓ) சங்கிலியில் இரண்டு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன் வரும். லித்தியம் உப்பு கரையும்போது லித்தியம் அயனியை இந்த ஆக்சிஜன்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. கார உலோக உப்புகளோடு பிஇஓ இப்படி அணைவுகளை உண்டாக்குவதை 1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரைட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். இதையே பேட்டரிக்குத் திட மின்பகுளியாகப் பயன்படுத்தலாம் என்று 1978இல் பிரான்சின் மிஷேல் அர்மான் முன்வைத்தார். 2011 இறுதியில் பாரிஸ் நகரத்தில் ஓடத் தொடங்கிய ஆட்டோலிப் வாடகை மின்கார்களில் இருந்தவை இந்த வழியில் வந்த பாலிமர் பேட்டரிகள்தான்.

சங்கிலியின் துண்டுகள் அசைய அசைய, அயனி ஓர் ஆக்சிஜன் கூட்டத்தை விட்டு அடுத்ததற்கு நகர்கிறது. உப்பு குறைவாக இருந்தால் மின்னூட்டத்தைச் சுமக்க அயனி போதாது. கூட்டிக்கொண்டே போனால் கடத்துதிறன் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். அயனிகள் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கட்டிப்போட்டு விறைக்கச் செய்வது ஒரு காரணம். நேர் அயனியும் எதிர் அயனியும் ஜோடி சேர்ந்து முடங்கிவிடுவது இன்னொன்று. ஆகவே 'ஒரு லித்தியத்துக்கு எத்தனை ஆக்சிஜன்' என்ற எண்தான் பொருளின் குணத்தைத் தீர்மானிக்கிறது. கட்டுரைகளில் ஈஓ : லித்தியம் = 20 : 1 என்றோ 8 : 1 என்றோ வருவது இந்த எண்தான். ஈஓ என்பது எத்திலீன் ஆக்சைடு அலகு, அலகுக்கு ஓர் ஆக்சிஜன்.

தராசுக்கு மோல் தெரியாது, கிராம்தான் தெரியும். எனவே இந்த எண்ணிக்கையை எடையாக மாற்றியாக வேண்டும்.

முதல் வேலை: மோலார் நிறைகளை எழுதிவைப்பது

புதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாலிமர் பாட்டிலில் மூலக்கூறு எடை 6,00,000 என்று போட்டிருக்கிறதே, அதைத்தானே மோலார் நிறையாக எடுக்க வேண்டும்? இல்லை. அது ஒரு முழுச் சங்கிலியின் சராசரி எடை. நாம் எண்ணுவது சங்கிலிகளை அல்ல, சங்கிலிக்குள் திரும்பத் திரும்ப வரும் அலகுகளை. 6,00,000ஐப் போட்டு 20 : 1க்குக் கணக்குச் செய்தால் ஒரு கிராம் பிஇஓவுக்கு லித்தியம் டிஎஃப்எஸ்ஐ (LiTFSI) என்ற உப்பு 0.024 மில்லிகிராம் போதும் என்று வரும். அதைத் தராசே காட்டாது. விடை இப்படி நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சங்கிலியின் நீளம் வேறு விஷயங்களுக்கு முக்கியம். கரைசல் எவ்வளவு கொழகொழவென்று இருக்கும், படலம் கிழியாமல் உரிந்து வருமா என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். அதனால் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். விகிதக் கணக்குக்குள் மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம்.

அடிக்கடி தேவைப்படும் அலகு நிறைகள், மோலுக்குக் கிராமில்:

பிஇஓ 44.05
பாலிவினைல் ஆல்கஹால் (பிவிஏ) 44.05
பாலிஅக்ரிலோநைட்ரைல் 53.06
பிவிசி 62.50
பாலிவினைலிடீன் ஃபுளோரைடு (பிவிடிஎஃப்) 64.03
பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் (பிஎம்எம்ஏ) 100.12
பாலிவினைல் பைரோலிடோன் (பிவிபி) 111.14

உப்புகள், எல்லாம் நீரற்றவை:

அம்மோனியம் தயோசயனேட் 76.12
அம்மோனியம் அசிட்டேட் 77.08
அம்மோனியம் நைட்ரேட் 80.04
அம்மோனியம் புரோமைடு 97.94
லித்தியம் பெர்குளோரேட் 106.39
லித்தியம் டிரிஃபிளேட் 156.01
லித்தியம் டிஎஃப்எஸ்ஐ 287.09

பிஇஓவுக்கும் பிவிஏவுக்கும் ஒரே எண் வருவது அச்சுப்பிழை இல்லை. இரண்டின் அலகிலும் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

பிஇஓவும் லித்தியம் டிஎஃப்எஸ்ஐயும்: முழுக் கணக்கு

ஒரு கிராம் பிஇஓ, ஈஓ : லித்தியம் 20 : 1 வேண்டும்.

ஒரு கிராமில் உள்ள ஈஓ அலகுகள்: 1 ÷ 44.05 = 0.02270 மோல்.
20 அலகுக்கு ஒரு லித்தியம்: 0.02270 ÷ 20 = 0.001135 மோல்.
அத்தனை மோல் உப்பின் எடை: 0.001135 × 287.09 = 0.3259 கிராம்.

அவ்வளவுதான். மூன்று வரியையும் ஒரே வரியாக்கினால்:

உப்பின் எடை = பாலிமரின் எடை × (உப்பின் மோலார் நிறை ÷ அலகின் மோலார் நிறை) ÷ விகித எண்

அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு ஜோடிக்கு மாறவே மாறாது. பிஇஓவும் லித்தியம் டிஎஃப்எஸ்ஐயும் என்றால் 6.517. பிஇஓவும் லித்தியம் பெர்குளோரேட்டும் என்றால் 2.415. இந்த எண்ணை விகித எண்ணால் வகுத்தால் கிடைப்பதை நான் பெருக்கெண் என்று குறித்துவைப்பேன். லித்தியம் டிஎஃப்எஸ்ஐக்கு 30 : 1 என்றால் பெருக்கெண் 0.2172, 20 : 1க்கு 0.3259, 16 : 1க்கு 0.4073, 10 : 1க்கு 0.6517. பாலிமரை எவ்வளவு நிறுத்தாலும் அதைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் உப்பின் எடை வந்துவிடும். தராசின் முன் நிற்கும்போது இந்த ஓர் எண் கையில் இருந்தால் போதும்.

இப்போது இதே 20 : 1ஐ லித்தியம் பெர்குளோரேட்டோடு போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் பிஇஓவுக்கு 0.1208 கிராம் வரும். மொத்த எடையில் பார்த்தால் டிஎஃப்எஸ்ஐ படலத்தில் உப்பு 24.6 சதவீதம், பெர்குளோரேட் படலத்தில் 10.8 சதவீதம். எடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், லித்தியத்தின் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே. இரண்டு உப்பில் எது நன்றாகக் கடத்துகிறது என்று ஒப்பிட வருபவர்கள் இரண்டிலும் 15 எடைச் சதவீதம் எடுத்தால், அவர்கள் உப்பின் வகையை மட்டுமல்ல, அயனியின் எண்ணிக்கையையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டிலிருந்து உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

கட்டுரையில் எடைச் சதவீதம் மட்டும் கொடுத்திருந்தால் திருப்பிப் போடுங்கள். பிஇஓவில் 15 எடைச் சதவீத லித்தியம் பெர்குளோரேட் என்றால், நூறு கிராமில் பாலிமர் 85, உப்பு 15. 85 ÷ 44.05 = 1.930. 15 ÷ 106.39 = 0.1410. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 13.7. அதாவது 13.7 : 1. படிக்கும் ஒவ்வொரு கட்டுரையின் கலவையையும் இப்படி விகிதமாக மாற்றி ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முரண்படுவது போலத் தெரியும் சில முடிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

பிவிஏவும் அம்மோனியம் உப்பும்: மோல் சதவீதக் கணக்கு

நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் பலரும் தொடங்குவது பிவிஏவில்தான். தண்ணீரிலேயே கரையும், கிளவ் பாக்ஸ் (ஈரக் காற்று புகாத, கையுறை பொருத்திய பெட்டி) வேண்டாம், அம்மோனியம் உப்புகள் விலை குறைவு. இங்கே பெரும்பாலும் மோல் சதவீதத்தில் எழுதுவார்கள்: 80 பிவிஏ : 20 அம்மோனியம் தயோசயனேட்.

நூறு மோலில் 80 மோல் பிவிஏ அலகு, 20 மோல் உப்பு. எடையில் 80 × 44.05 = 3524 கிராம், 20 × 76.12 = 1522 கிராம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பெருக்கெண் 0.432. ஒரு கிராம் பிவிஏவுக்கு 0.432 கிராம் உப்பு. ஆரம்பத்தில் பார்த்த மூன்றாமவரின் விடை இதுதான். மொத்த எடையில் இது 30.2 சதவீதம்.

எடைச் சதவீதமாக இருந்தால் கணக்கு இன்னும் எளிது. மொத்தத்தில் 20 சதவீதம் வேண்டுமென்றால் பாலிமரின் எடையை 20 ÷ 80 ஆல் பெருக்குங்கள். 20 ÷ 100 ஆல் பெருக்கினால் நீங்கள் பாலிமரை நூறாக வைத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம், அப்போது மொத்தத்தில் உப்பு 16.7 சதவீதம்தான். அப்படியும் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் 'பாலிமரின் எடையில்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும்.

பிவிஏவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பிவிஏவை நேரடியாகத் தயாரிப்பதில்லை. பாலிவினைல் அசிட்டேட்டை நீராற்பகுத்துத்தான் செய்கிறார்கள். பாட்டிலில் 99 சதவீதம் நீராற்பகுக்கப்பட்டது என்று இருந்தால் 44.05ஐத் தயங்காமல் எடுக்கலாம். 88 சதவீதம் என்று இருந்தால் நூறு அலகில் 12 இன்னும் அசிட்டேட்டாகவே இருக்கிறது, அதன் அலகு நிறை 86.09. சராசரி 0.88 × 44.05 + 0.12 × 86.09 = 49.10. இந்த எண்ணைப் போட்டால் அதே 20 மோல் சதவீதத்துக்கு உப்பு 0.432க்குப் பதிலாக 0.388 கிராம். பத்து சதவீத வித்தியாசம் சின்னது இல்லை. லேபிளில் இந்தச் சதவீதத்தைப் பார்க்காமல் பிவிஏ வாங்கவோ நிறுக்கவோ வேண்டாம்.

எல்லாப் பாலிமருக்கும் மோல் விகிதம் ஒரே அளவுக்குப் பொருள் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஇஓவில் ஆக்சிஜன் லித்தியத்தைப் பிடிப்பதால் அந்த எண்ணுக்கு நேரடி அர்த்தம் உண்டு. பிவிடிஎஃப் போன்றவற்றில், அதுவும் திரவ மின்பகுளியை ஊறவைத்துச் செய்யும் ஜெல் வகையில், அயனியைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் கரைப்பான் மூலக்கூறுகளே. பாலிமர் அங்கே தாங்கிப் பிடிக்கும் சட்டம் மாதிரி. அங்கே எடைச் சதவீதமே இயல்பான அளவு. ஊறிய திரவத்தின் எடையைத் தனியாகக் கொடுத்தால் போதும்.

லேபிளில் தண்ணீர் இருக்கிறதா

மோலார் நிறையை இணையத்தில் தேடி எடுக்காமல் கையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்து எடுங்கள். லித்தியம் பெர்குளோரேட் நீரற்றதாகவும் கிடைக்கும், மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்ததாகவும் கிடைக்கும். இரண்டாவதின் மோலார் நிறை 160.44. ஒரு கிராம் பிஇஓவுக்கு 8 : 1 வேண்டும் என்று 106.39ஐ வைத்து 0.302 கிராம் கணக்குப் போட்டு, மூநீரேற்றை நிறுத்துப் போட்டுவிட்டால் கிடைப்பது 12 : 1. படிகநீரும் கூடவே படலத்துக்குள் போய்விடும்.

நீரற்ற உப்பு என்று லேபிள் சொன்னாலும் திறந்து வைத்த பாட்டில் நீரற்றதாக இருக்காது. லித்தியம் டிஎஃப்எஸ்ஐ காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக இழுக்கும். நிறுக்கும் நேரத்தில் எடையில் மூன்று சதவீதம் தண்ணீராக இருந்தால் 20 : 1 என்று நினைத்தது 20.6 : 1 ஆகிவிடும். தராசின் நான்காவது தசமம் தரும் பிழை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனவே தராசின் தசமத்துக்காக மெனக்கெடுவதைவிட உலர்த்துவதில் நேரத்தைச் செலவழியுங்கள். லித்தியம் டிஎஃப்எஸ்ஐயை வேக்யூம் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் உலர்த்துவது வழக்கம். பிஇஓ 65 டிகிரி சுற்றுவட்டாரத்தில் உருகிவிடும் என்பதால் அதை 50 டிகிரியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெர்குளோரேட் வலுவான ஆக்சிஜனேற்றி. அதைக் கரிமப் பொருளோடு சேர்த்து உரலில் அரைப்பதோ காய்ந்த கலவையை அதிகமாகச் சூடாக்குவதோ கூடாது. இதில் சமரசமே கிடையாது.

கிளவ் பாக்ஸ் இல்லாத இடத்தில் மூடியுள்ள நிறுவைக் குப்பியைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த உப்போடு குப்பியை நிறுத்து, தேவையானதைக் கரைசலில் தட்டிவிட்டு, உடனே மூடி மறுபடி நிறுங்கள். இரண்டுக்குமான வித்தியாசமே உள்ளே போன உப்பு. தாளில் கொட்டி நிறுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது பொருள் உள்ளே வரும்போது

கணக்கு அதிகம் குழம்பும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மின்பகுளிக்குள் நானோ பீங்கான் துகளை நிரப்பியாகச் சேர்ப்பது பிரபலமான வழி. 1998இல் இத்தாலியின் புரூனோ ஸ்க்ரோசாட்டியின் குழு, 8 : 1 விகிதத்தில் இருந்த பிஇஓ, லித்தியம் பெர்குளோரேட் கலவையில் டைட்டானியம் டை ஆக்சைடு, அலுமினா நானோ துகள்களை 10 எடைச் சதவீதம் சேர்த்து, கடத்துதிறன் கூடுவதை நேச்சர் இதழில் வெளியிட்டது. அதன் பிறகு இந்த வழியில் ஏராளமான ஆய்வுகள் வந்தன.

அந்தக் கலவையையே எடுத்துக்கொள்வோம். பிஇஓ 1.000 கிராம், உப்பு 0.302 கிராம். 10 சதவீத நிரப்பி என்றால் எவ்வளவு? பாலிமரின் எடையில் என்றால் 0.100. பாலிமர், உப்பு இரண்டும் சேர்ந்த எடையில் என்றால் 0.130. நிரப்பியும் சேர்ந்த மொத்தத்தில் என்றால் 1.302 × 10 ÷ 90 = 0.145. ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரை வித்தியாசம். என் தேர்வு எப்போதும் மூன்றாவதுதான். கடைசியில் கையில் இருப்பது முழுப் படலம், அதில் எத்தனை சதவீதம் என்று சொல்வதே குழப்பமில்லாதது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். மூன்று பொருளையும் கூட்டினால் நூறு வர வேண்டும் என்று ஓர் அட்டவணை போடுவார்கள்: பிஇஓ 75, லித்தியம் டிஎஃப்எஸ்ஐ 25, நிரப்பி 0. அடுத்த வரி 70, 25, 5. அதற்கடுத்தது 65, 25, 10. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஈஓ : லித்தியம் விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் வரியில் 19.6, கடைசி வரியில் 17.0. நிரப்பியைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு உப்பின் செறிவையும் கூட்டியிருக்கிறோம். கடத்துதிறன் மாறினால் அதற்குக் காரணம் துகளா, உப்பா என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு மாத உழைப்பு இந்த ஓர் அட்டவணையால் கேள்விக்குறியாகிவிடும்.

வழி எளிது. பாலிமருக்கும் உப்புக்கும் இடையிலான விகிதத்தை முதலில் பூட்டிவிடுங்கள். அந்த ஜோடியை ஒரே பொருளாகப் பாவித்து, அதன் மேல் நிரப்பியைச் சேருங்கள். 5, 10, 15 சதவீதம் என்று எவ்வளவு ஏற்றினாலும் ஈஓ : லித்தியம் அசையாது.

பாலிமரை இளக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசருக்கும் இதே விதிதான், ஒரு விலக்கோடு. பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 போன்றவற்றைச் சேர்த்தால் அதிலும் ஈத்தர் ஆக்சிஜன் இருக்கிறது. அதுவும் லித்தியத்தைப் பிடிக்கும். ஒரு கிராம் பிஇஓவோடு 0.2 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய 1.2 கிராம் பிஇஓவுக்குச் சமமான ஆக்சிஜன் உள்ளே இருக்கிறது. உப்பை 0.326 கிராமிலேயே விட்டால் உண்மையான விகிதம் 24 : 1. 20 : 1 வேண்டுமென்றால் 0.391 கிராம் போட வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, எதை என்று எழுதிவிடுங்கள். எத்திலீன் கார்பனேட் போன்றவற்றில் கவலை வேறு. வேக்யூமில் சூடாக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்விடும், அப்போது நிறுத்த எடைக்கும் மிஞ்சிய எடைக்கும் சம்பந்தம் இருக்காது.

இரண்டு பாலிமர் கலவை என்றால் இரண்டின் அலகுகளையும் தனித்தனியாக எண்ணி, விகிதத்தில் எதைச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பிஇஓவும் பிவிடிஎஃப்பும் கலந்தால் நான் ஈஓவை மட்டுமே எண்ணுவேன்.

எவ்வளவு தயாரிப்பது

விகிதம் கையில் வந்தாயிற்று. அப்புறம், மொத்தம் எத்தனை கிராம்? பெட்ரி டிஷ்ஷிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உள் விட்டம் 9 செ.மீ. என்றால் பரப்பு 63.6 சதுர செ.மீ. படலம் 100 மைக்ரான், அதாவது 0.01 செ.மீ. தடிமன் வேண்டும் என்றால் கன அளவு 0.636 கன செ.மீ. அடர்த்தியைத் தோராயமாக 1.25 என்று வைத்தால் எடை 0.795 கிராம். 20 : 1 கலவையில் ஒரு பங்கு பிஇஓவுக்கு 0.3259 பங்கு உப்பு. எனவே 0.795 ÷ 1.3259 = 0.60 கிராம் பிஇஓ, 0.1955 கிராம் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ.

கரைப்பான் எந்த விகிதத்திலும் சேராது, ஆவியாகிவிடும். அதன் அளவை ஊற்றுவதற்கு வசதியான கொழகொழப்பை வைத்து முடிவு செய்யலாம். 0.60 கிராம் பிஇஓ 5 சதவீதக் கரைசலாக இருக்க 11.4 கிராம் அசிட்டோநைட்ரைல் வேண்டும், அடர்த்தி 0.786 என்பதால் ஏறக்குறைய 14.5 மி.லி. இதை ஃபியூம் ஹுட்டுக்குள் மட்டுமே கையாளுங்கள், ஆவி நச்சு, சட்டென்று தீப்பிடிக்கும். ஊற்றும் முன் டிஷ் வைத்திருக்கும் தட்டை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 60 மைக்ரான், மறுபக்கம் 140 மைக்ரான் என்று வந்து நிற்கும்.

30, 20, 16, 10 என்று ஒரு வரிசையே தயாரிப்பதாக இருந்தால் பாலிமரை 0.60 கிராமில் நிலையாக வைத்து உப்பை மட்டும் மாற்றுவது நல்லது: 0.130, 0.196, 0.244, 0.391 கிராம். கரைசலில் பாலிமரின் அளவு ஒரே மாதிரி இருப்பதால் ஊற்றுவது சிரமமாகாது. மொத்த எடை கூடுவதால் படலத்தின் தடிமன் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கடத்துதிறனைக் கணக்கிடும்போது ஒவ்வொரு படலத்தின் தடிமனையும் மைக்ரோமீட்டரில் அளந்துதானே போடப்போகிறோம்.

நிறுக்கும் வரிசை

பாலிமரை முதலில் நிறுங்கள். பிஇஓ தூள் நிலைமின்னூட்டத்தால் கரண்டியிலும் குப்பிச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், சரியாக 0.6000 கிராமில் நிறுத்தப் போராடுவது வீண். 0.6132 வந்தால் அதுவே இருக்கட்டும். பெருக்கெண்ணால் பெருக்குங்கள்: 0.6132 × 0.3259 = 0.1998. உப்பை இந்த எடைக்கு நிறுங்கள். அதுவும் துல்லியமாக வரவில்லையென்றால் வந்த எடையை எழுதி, உண்மையான விகிதத்தைத் திருப்பிக் கணக்கிட்டு அதையே பதிவு செய்யுங்கள். 19.8 : 1 வந்தால் அது 19.8தான்.

சின்ன எடைகளில்தான் தராசைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். 0.8 கிராம் படலத்தில் 1 சதவீத நிரப்பி என்றால் 8 மில்லிகிராம். தராசு 0.2 மில்லிகிராம் தடுமாறினாலே 2.5 சதவீதப் பிழை, தாளில் ஒட்டிக்கொண்டு போவது தனி. இந்த அளவை நேராகக் கரைசல் குப்பிக்குள்ளேயே நிறுக்கலாம், அல்லது தயாரிப்பை மூன்று மடங்காக்கி மூன்று டிஷ்ஷில் ஊற்றலாம். உப்பாக இருந்தால் தாய்க் கரைசல் ஒன்று செய்துகொள்வது வசதி. ஒரு கிராம் உப்பைக் கரைத்து 10 மி.லி.க்குக் கொண்டுவந்தால் மில்லிலிட்டருக்கு 0.1 கிராம், பிப்பெட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

படலம் காய்ந்த பிறகு

வெறும் டிஷ்ஷை முதலிலேயே நிறுத்து வைத்திருங்கள். காய்ந்த பிறகு படலத்தோடு நிறுத்து, வித்தியாசத்தைப் போட்ட பொருள்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். போட்டது 0.796 கிராம், கிடைத்தது 0.830 என்றால் படலத்தில் நான்கு சதவீதத்துக்கு மேல் கரைப்பானோ ஈரமோ மிச்சம் இருக்கிறது. அந்தப் படலத்தின் கடத்துதிறன் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் பாதி மிச்சமிருக்கும் கரைப்பானின் உபயமாக இருக்கலாம். எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். போட்டதைவிடக் குறைவாக வந்தால் ஏதோ ஒன்று வெளியேறியிருக்கிறது. பிளாஸ்டிசைசர் போயிருக்கலாம். அம்மோனியம் அசிட்டேட் போட்டிருந்தால் உப்பே போயிருக்கலாம், சூடுபட்டால் அது அம்மோனியாவையும் அசிட்டிக் அமிலத்தையும் இழக்கும். அந்த மாதிரி உப்புகளோடு செய்யும் படலங்களைக் குறைந்த வெப்பத்தில் பொறுமையாகத்தான் உலர்த்த வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படலத்துக்கும் இப்படி ஒரு பதிவு இருக்கட்டும்: பிஇஓ (சராசரி மூலக்கூறு எடை 6,00,000, 50 டிகிரியில் வேக்யூமில் உலர்த்தியது) 0.6132 கிராம். லித்தியம் டிஎஃப்எஸ்ஐ (நீரற்றது, 120 டிகிரியில் வேக்யூமில் உலர்த்தியது) 0.1998 கிராம். ஈஓ : லித்தியம் 20.0. உப்பு, மொத்த எடையில் 24.6 சதவீதம். அசிட்டோநைட்ரைல் 15 மி.லி. எதிர்பார்த்த படல எடை 0.813 கிராம், உலர்ந்தபின் கிடைத்தது இவ்வளவு, தடிமன் ஐந்து இடங்களில் இவ்வளவு. கட்டுரை எழுத உட்காரும் நாளில் செய்முறைப் பகுதிக்குத் தேவையான எல்லா எண்ணையும் இந்தப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.